கவிதாவின் ரிப்போர்ட் பற்றி மாலதிக்கு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மாலதி,

பேரன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டான். மற்ற கதையெல்லாம் பிறகு. கவிதாவின் ரிப்போர்ட்டில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:160' என்ற வரியை வட்டமிட்டு, "லூபஸ்தானே?" என்று கேட்டிருந்தாய். ஏ.என்.ஏ. என்பது நம் உயிரணுவின் கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனை. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் நான் இருந்தபோது இந்தச் சோதனையைக் கையால் செய்திருக்கிறேன். உயிரணுக்கள் படிந்த ஸ்லைடில் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்ப்போம். உயிரணுவின் கரு பச்சையாக மின்னினால் பாசிட்டிவ். சீரத்தை 160 மடங்கு நீர்த்த பிறகும் அது மின்னியது என்பதுதான் 1:160. பார்ப்பவரின் கண்ணும் இதில் சேரும். ஓர் ஆய்வகம் 1:80 என்று எழுதுவதை இன்னொன்று 1:160 என்று எழுதிவிடும். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு இந்த அளவு வரலாம். பெண்களுக்கும், உங்களைப்போல் தைராய்டு கோளாறு ஓடும் குடும்பத்தாருக்கும் இன்னும் சாதாரணம். 2019ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த லூபஸ் வரையறையில்கூட ஏ.என்.ஏ. நுழைவுத் தகுதி மட்டும்தான். மூட்டு, தோல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் என்று மற்றவற்றுக்குத்தான் புள்ளிகள்.

அதற்காக அவளுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை, மாலதி. காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றாயே, அந்தப் பேச்சுதான் எனக்கு எந்த எண்ணைவிடவும் பெரிதாகப் படுகிறது. ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ், ஆகவே அந்த மூட்டுவாதம் இல்லை என்று அந்த கிளினிக்கில் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அந்த மூட்டுவாதம் உள்ள கணிசமான பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். அதே நோய்க்கான இன்னொரு இரத்தச் சோதனை, ஆன்டி-சி.சி.பி.யும் பார்க்கட்டும்.

உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். 28 என்பதற்குப் பதறாதே. பெண்களுக்கு அதன் மேல் வரம்பை, வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பார்ப்பது ஒரு பழைய கணக்கு. கவிதாவின் 34 வயதுக்கு 22 வரும், 28 அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அவளுக்கு ஹீமோகுளோபின் 10.4தான், இரத்தசோகையே ஈ.எஸ்.ஆரை ஏற்றிவிடும். முடி கொட்டுவதும் களைப்பும் இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டாலோ கூட இருக்கலாம். இரும்புக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். இரண்டையும் பார்க்கச் சொல்.

இத்தனை பக்க ரிப்போர்ட்டில் சிறுநீர்ப் பரிசோதனையைக் காணோமே! எனக்கு அதுதான் ஆறவில்லை. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டால் ஆரம்பத்தில் வலியே தெரியாது. சிறுநீரில் புரதமும் இரத்தமும்தான் காட்டிக்கொடுக்கும். மலிவான சோதனை, இந்த வாரமே செய்துவிடுங்கள். ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். சந்தேகம் வலுத்தால் லூபஸுக்கான அடுத்த கட்ட இரத்தச் சோதனைகளான ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 ஆகியவற்றை டாக்டரே எழுதுவார்.

அரசாங்க கிளினிக்கில் வாதநோய் நிபுணருக்கு ரெஃபரல் லெட்டர் கேட்டு வாங்கு. விரல் வீங்கும் நாளில், முகத்தில் தடிப்பு வரும் நாளில் ஃபோனில் படம் எடுத்து வைக்கட்டும். டாக்டரைப் பார்க்கும் தேதிக்குள் அது மறைந்துபோகும். கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, மூச்சுவிட்டால் நெஞ்சு வலித்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கவே கூடாது.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் இங்கே செலாயாங் மருத்துவமனையில் வாதநோய்ப் பிரிவு இருக்கிறது. பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறி வாருங்கள், கே.எல். சென்ட்ரலுக்கு நானே வருகிறேன். பழைய ரிப்போர்ட்டுகள் ஒன்றுவிடாமல் எடுத்து வா. சிறுநீர் ரிசல்ட் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
சாந்தி