கடைக்கு முன் கூரையைப் பார்

அன்புள்ள சேகர்,

நீ எழுதி நாலு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். பெரியக்காவின் முழங்கால் ஆபரேஷன் முடிந்ததா? முடிந்ததும் ஒரு வரி போடு. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. கடைசிப் பத்தியை மூன்று முறை படித்த பிறகுதான் விஷயமே புரிந்தது. புரிந்ததிலிருந்து மனசு சரியாக இல்லை.

சின்னவன் பைபாஸ் ஓரத்து மாலில் கடை எடுக்கிறான், ஒன்பது வருட ஒப்பந்தம், நடுக்கூடம் அரண்மனை மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எல்லோரையும் மயக்குவது அந்த நடுக்கூடம்தான், சேகர். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே அமெரிக்காவில், மினியாபொலிஸுக்குத் தெற்கே ஈடைனாவில் சவுத்டேல் என்ற மால் இருக்கிறது. 1956 அக்டோபர் 8 அன்று திறந்தார்கள். முழுக்க மூடிய, நடுக்கூடம் வைத்த, உள்ளே வெப்பம் ஒரே சீராக இருக்கும் புறநகர் மால் என்றால் உலகத்துக்கே அதுதான் மாதிரி. வடிவமைத்தவர் விக்டர் க்ரூன். வியன்னாக்காரர், யூதர், 1938இல் ஹிட்லரின் ஆட்கள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பி அமெரிக்கா வந்தவர். பணம் போட்டது டேட்டன் என்ற பெரிய கடைக் கம்பெனி, 2 கோடி டாலர். 72 கடைகள், இரண்டு மாடி, 5,200 கார் நிறுத்துமிடம். மினசோட்டாவில் கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க ஏற்ற நாள் வருடத்துக்கு 126தான் என்று க்ரூன் கணக்குப் போட்டார். அதனால் கூரை போட்டு, உள்ளே வருடம் முழுக்க 24 டிகிரி செல்சியஸ் என்று வைத்தார். பார்க்கிங்கையும் இரண்டு மட்டத்தில் அமைத்தார். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் காரிலிருந்து இறங்கி நேராக நடந்து போகலாம். எந்த மாடியும் 'பின்பக்கம்' ஆகிவிடக் கூடாது என்ற கவனம். பிற்பாடு வந்த எத்தனையோ மால்களில் மேல்மாடி காலியாகக் கிடப்பதைப் பார்த்தால்தான் அந்த யோசனையின் அருமை தெரிகிறது.

ஆனால் க்ரூன் கேட்டது மால் மட்டும் இல்லை. சுற்றியிருந்த 463 ஏக்கரில் வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் சேர்த்து ஓர் ஊரையே வரைந்து கொடுத்தார். கட்டியது கடைகளையும் பார்க்கிங்கையும்தான். 1978இல் லண்டனில் பேசியபோது, தன் பெயரைச் சொல்லிப் பிறந்த இந்தக் கள்ளப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். அந்த மனிதருக்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இத்தனை மால் ஏன் முளைத்தது என்பதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். கட்டடத் தேய்மானத்தை நாற்பது வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக் கழிப்பதுதான் பழைய வழக்கம். 1954இல் சட்டத்தை மாற்றி, ஆரம்ப வருடங்களிலேயே பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். கையில் வாடகை வரும், காகிதத்தில் நஷ்டம் காட்டலாம். புதிதாகக் கட்டினால் லாபம், பழையதைப் பராமரித்தால் இல்லை. அப்புறம் ஊருக்கு வெளியே காலி நிலம் கிடைத்த இடமெல்லாம் மால்தான்.

இனிச் சின்னவனுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மாலைத் தாங்குவது ஆங்கர் கடைகள், அதாவது மூலைக்கு மூலை இருக்கும் பெரிய துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், தியேட்டர். கூட்டத்தைக் கூட்டி வருவது அவர்கள் என்பதால் வாடகை மிகக் குறைவு. அமெரிக்காவில் பல இடங்களில் கட்டடமும் நிலமும் அவர்களுக்கே சொந்தம். முழு வாடகை கொடுப்பது நடுவில் இருக்கும் சின்னக் கடைகள். ஆங்கரை நம்பி அதிக வாடகை கொடுக்கிறவன், ஆங்கர் போனால் வாடகை குறையும் என்று எழுதி வாங்க வேண்டும். இங்கே கெட்டிக்காரக் கடைக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்: இன்ன ஆங்கர் மூடினாலோ, நிரம்பிய கடைகள் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நிலையான வாடகை நின்று விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் கொடுத்தால் போதும், ஒரு கெடுவுக்குள் நிலைமை திருந்தாவிட்டால் கடையைக் காலி செய்யலாம்.

ஒரு மால் சாவது இந்த இடத்திலிருந்துதான். ஆங்கர் ஒன்று போகிறது. அந்த ஷரத்து வைத்திருந்த கடைகளின் வாடகை ஒரே மாதத்தில் பாதியாகிறது. பொதுப் பராமரிப்புச் செலவு அப்படியே நிற்க, பங்கு போட ஆள் குறைகிறது. மால்காரர் எஸ்கலேட்டரை நிறுத்துவார், விளக்கைக் குறைப்பார், ஏசியை ஒரு மணி நேரம் தாமதமாகப் போடுவார். காலியான பகுதியில் ஹீட்டரை அணைத்தால் இங்கே இன்னோர் ஆபத்து: தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும், 4 டிகிரிக்குக் கீழே விடக் கூடாது. விட்டால் உறைந்து குழாய் வெடித்து, ஒரு ராத்திரியில் ஒரு பகுதி முழுக்க நாசம். ஆன்லைன் வியாபாரம் வந்துதான் மால் செத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான்.

டெட்ராய்ட் பக்கம் சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் என்று ஒன்று, அதுவும் க்ரூன் வரைந்ததே. 1954இல் திறந்தபோது உலகத்திலேயே பெரிய ஷாப்பிங் சென்டர். கீழே லாரிகளுக்குச் சுரங்கப்பாதை, மேலே சிற்பங்கள் வைத்த திறந்த முற்றங்கள். ஆங்கர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, 2015இல் கடைசி ஆங்கரும் போனதும் மாலும் மூடியது. அதே வருடம் அந்த ஊர் நகராட்சி 24 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டது. கிளீவ்லண்ட் பக்கம் நார்த் ராண்டால் ஒரு குட்டி கிராமம். அங்கே 1976இல் 20 லட்சம் சதுர அடிக்கு மேல் ராண்டால் பார்க் மாலைக் கட்டினார்கள். 2009இல் பூட்டு. இப்போது அதே இடத்தில் அமேசான் கிடங்கு நிற்கிறது.

சவுத்டேல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1992இல் பக்கத்து ஊர் ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா வந்தும் தாக்குப்பிடித்தது. ஆங்கர் போன இடத்தை இடித்து 2019இல் பெரிய உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள், பார்க்கிங்கில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. க்ரூன் கேட்ட ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கிங் மேலேயே முளைக்கிறது. 5,200 காருக்குப் போக வர வழியோடு காருக்கு 325 சதுர அடி வைத்துப் பார், ஏறக்குறைய 17 லட்சம் சதுர அடி. மாலின் தரைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு! அவ்வளவு நிலம் கையில் இருந்ததுதான் காப்பாற்றியது.

கூரை விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாலின் கூரை ஏக்கர் கணக்கில் தட்டையானது. ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். வடிகால் வாயில் இலையும் பாலிதீன் பையும் அடைத்தால் தண்ணீர் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நின்றால் 50 கிலோ பாரம். மேலே ஒவ்வொரு ஏசி பெட்டி வைக்கும்போதும் தளத்தின் ஷீட்டை வெட்டுவார்கள், ஒழுகல் அந்தப் பெட்டியின் அடிவிளிம்பில்தான் ஆரம்பிக்கும். ஆனால் நுழைந்த இடத்தில் சொட்டாது. அடியில் ஓடி முப்பது அடி தள்ளி யாரோ ஒருவர் கடையில் சொட்டும். சின்னவனைக் கடைக்கு மேலே அண்ணாந்து பார்க்கச் சொல். ஃபால்ஸ் சீலிங்கில் டீக்கறை மாதிரி பழுப்பு வளையம் இருக்கிறதா? பழசாகி மஞ்சளித்துப் போன பலகைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது அதைவிட மோசம். கறை விழுந்ததைப் போன வாரம் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பார்க்கட்டும்.

கணக்கையும் போட்டுப் பார். கார்பெட் ஏரியா, அதாவது கடைக்குள் நிஜமாகக் கிடைக்கும் இடம், 500 சதுர அடி; நடைபாதை மாதிரிப் பொது இடத்துக்காக அதன்மேல் ஏற்றும் லோடிங் 60 சதவீதம் என்றால் 800க்கு வாடகை கேட்பார்கள். அடிக்கு 120 ரூபாய் என்று வை, மாதம் 96,000. கால் வைக்கிற இடத்துக்கு அடி 192 ரூபாய் விழுகிறது. பராமரிப்பு 20 ரூபாய் என்றால் அதுவும் 800க்குத்தான், இன்னொரு 16,000. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. ஜெனரேட்டர் கரண்டுக்கு யூனிட் விலை தனி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏறினால் ஏழாவது வருடம் அந்த 96,000 ஏறக்குறைய 1,27,000 ஆகும். விற்பனையில் பங்கும் கேட்டால், 'எதற்கு மேல்' என்று கேட்கச் சொல். வருட வாடகை 12 லட்சம், பங்கு 6 சதவீதம் என்றால் 2 கோடி விற்பனைக்கு மேலேதான் பங்கு தொடங்க வேண்டும்.

அந்த மாலில் கடைகளை வாடகைக்கு மட்டும் விடுகிறார்களா, தனித்தனியாக விற்கவும் விற்கிறார்களா என்று விசாரி. நம் சென்னை ஸ்பென்சர் பிளாசாவையே எடுத்துக்கொள். ஆளாளுக்குக் கடையை விற்றதால், எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கை இல்லாமல் போனது. 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவனைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. அவனுக்கு வியாபாரம் வரும், சின்ன வயசிலேயே தெரியும். ஆனால் ஒன்பது வருடமும் அவனையே கட்டிப்போடக் கூடாது. லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாத காலம், மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கர் போனால் வாடகை என்ன ஆகும் என்ற ஷரத்து எழுத்தில் வரட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது. வரைவின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, முக்கியமாகப் பராமரிப்புக் கட்டணம் பற்றிய இணைப்பை. அது வந்து சேரும்வரை அட்வான்ஸ் செக்கை உன் பீரோவிலேயே வைத்திரு.

அன்புடன்,
உன் ராமு

பெரியக்காவிடம் கேட்டதாகச் சொல். மாவடு பொட்டலம் பத்திரமாக வந்தது.