ஸ்காட் லஃபாரோவின் பெயர் விடுபட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பில் எவான்ஸ் மூவர் குழுவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இசைத்தட்டு மறுபதிப்பாக வந்திருப்பதை வரவேற்று, தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஜாஸ் இசைக்குத் தமிழ் நாளிதழ் இடம் ஒதுக்குவது அரிது. அதற்கு என் நன்றி. ஆனால் எவான்ஸின் பியானோவை அவ்வளவு விரிவாகப் பாராட்டிய கட்டுரையில், டபுள் பாஸ் என்ற பெரிய, தாழ்சுருதித் தந்தி வாத்தியத்தை வாசித்த ஸ்காட் லஃபாரோவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. இந்தத் தட்டைப் பொறுத்தவரை அது சிறிய விடுபாடு அன்று.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறை அரங்கில் இந்த மூவர் குழு பகலும் இரவுமாக ஐந்து முறை வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அந்தத் துயரில் எவான்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. அன்றைய பதிவுகளிலிருந்து முதலில் வெளிவந்த தட்டுக்கு லஃபாரோவின் வாசிப்பு துலங்கும் உருப்படிகளையே பொறுக்கினார்கள். எஞ்சியவற்றுள் ஆறு, 1962இல் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யாக வந்தன.

அந்நாளில் பாஸ் வாசிப்பவர் தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரமாக நடந்து அடித்தளம் போடுவதே வழக்கம். நம் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு லஃபாரோ செய்தது உடனே பிடிபடும். தனி ஆவர்த்தனம் வரட்டும் என்று காத்திராமல், எவான்ஸ் ஒரு வரியை முடிக்குமுன்பே அவர் மறுமொழி சொல்லத் தொடங்கிவிடுகிறார்; ஆனாலும் ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்குவதே இல்லை. எவான்ஸ் தம் அண்ணன் மகளுக்காக இயற்றிய தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவும் பாஸும் மட்டுமாக மூன்று எண்ணிக்கையில் மெல்லத் தொடங்கி, டிரம்ஸில் பால் மோஷியன் சேர்ந்துகொள்ள, நான்கு எண்ணிக்கைக்கு மாறி நடைபிடிக்கும் அந்த இடத்தை நான் பலமுறை ஊசியைத் தூக்கிவைத்துக் கேட்டிருக்கிறேன்.

குருசுக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என் வீடு. உப்புக் காற்றில் அட்டை பூசணம் பிடித்து, தட்டும் கீறலாகிவிட்ட என் பழைய பிரதியில், மெல்லிய இடமெல்லாம் கரகரப்பில் மூழ்கிப்போகும். மறுபதிப்பின் கனமான 180 கிராம் தட்டில் 'சம் அதர் டைம்' என்ற உருப்படி ஒலித்தபோது, பாஸின் கம்பியை விரல் இழுத்துவிடும் ஓசையும், எங்கோ ஒரு மேசையில் கண்ணாடிக் குவளைகள் உரசும் ஓசையும் தனித்தனியே கேட்டன. சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர்கள் நடுவில் பிறந்த இசை இது. அந்தச் சலசலப்பை அழிக்காமல் விட்டதற்காகவே மறுபதிப்பாளர்களைப் பாராட்டலாம்.

அடுத்த இணைப்பில் ஒரு சிறு குறிப்பாகவேனும் எவான்ஸ், லஃபாரோ, மோஷியன் ஆகிய மூவர் பெயரையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குருசுக்குப்பம், புதுச்சேரி.