அக்கா, ரெப்போவைப் பிரித்துவிட்டேன்

அக்காவுக்கு,

நம் இரண்டு லேப்டாப்பின் நிக்ஸ்ஓஎஸ் (சிஸ்டம் முழுவதையும் கோப்பில் எழுதிவைத்துக் கட்டுகிற லினக்ஸ்) அமைப்புக் கோப்புகளும் ஒன்றாகக் கிடந்த ரெப்போவை நேற்று இரவு பிரித்து முடித்தேன். ரகசியக் கோப்புகளைத் திறக்கக்கூடிய கீகளின், அதாவது டிஜிட்டல் சாவிகளின், பட்டியலில் இனி உன் கீ இல்லை. என்னுடையதும் என் மெஷினுடையதும் மட்டும்தான். கமிட் பட்டியலில், அதாவது மாற்றங்களின் பதிவில், பார்த்து நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ அந்தப் பக்கம் வருவாயா என்பது வேறு விஷயம்.

உனக்கு அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், அதோடு சரி. ஆனால் நான் இங்கே எழுதுவதை நீ படிக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். வீட்டு விஷயம் எதுவும் வராது, பயப்படாதே. நாலு பேர் வந்து போகிற இடம்.

ஒவ்வொரு மே மாதமும் நவம்பரும் நிக்ஸ்ஓஎஸ் புது வெளியீடு வரும்போது என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடப்பதால் சொல்கிறேன். ஒரே ஃபிளேக்கில் (நிக்ஸ் கோப்புகளின் தொகுப்பு) உன் லேப்டாப்பும் என் லேப்டாப்பும் இருப்பதால் ஃபிளேக் செக் ஓட்டினால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். 24.11 வந்தபோது சவுண்ட்.எனேபிள் என்ற ஆப்ஷனையே தூக்கிவிட்டார்கள். ஹார்ட்வேர்.ஓப்பன்ஜிஎல் என்று இருந்தது ஹார்ட்வேர்.கிராஃபிக்ஸ் ஆகிவிட்டது. என் பக்கத்தைச் சரிசெய்ய அஞ்சு நிமிஷம். அப்புறம் உன் பக்கம்.

உன் மெஷினுக்கான ஹோஸ்ட் கோப்பைத் திறப்பேன். உன் கீபோர்டு அமைப்பு, கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிய வரி, உனக்கு மட்டுமே புரிகிற அந்த இரண்டெழுத்துச் சுருக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த லேப்டாப் இன்னும் உயிரோடு இருக்கிறதா, யாருக்காவது கொடுத்துவிட்டாயா, எதுவும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் திருத்திவிட்டு, செக்கோடு விடாமல் முழுசாக பில்ட் போடுவேன். ஜிபி ஜிபியாக இறங்கும். உன் மெஷின் மொத்தமும் என் டிஸ்க்கில் கட்டி நிற்கும். ஓடியதா, ஓடியது. பிறகு அதைப் பிடித்துவைத்திருக்கும் ரிசல்ட் சிம்லிங்க்கை எடுத்துவிட்டு, வேண்டாததைத் துடைக்கிற கார்பேஜ் கலெக்ட் போட்டு எல்லாவற்றையும் அழிப்பேன்.

யார் உன்னைச் செய்யச் சொன்னது என்பாய். யாரும் சொல்லவில்லைதான்.

என் லேப்டாப்பில் நிக்ஸ்ஓஎஸ் போட்ட அந்த ராத்திரி ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. இன்ஸ்டால் முடிந்து டெஸ்க்டாப் வந்துவிட்டது, நான் தூங்கப் போகலாம் என்று எழுந்தேன். நீ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “இப்ப இதை உடை” என்றாய்.

எதை என்றேன்.

“எதையாவது. பெருசா.”

கான்ஃபிகரேஷன் கோப்பைத் திறந்து லாகின் திரையைக் காட்டுகிற டிஸ்ப்ளே மேனேஜர் வரியையும் டெஸ்க்டாப் வரியையும் அழித்தேன். கோப்பில் உள்ளபடி சிஸ்டத்தைக் கட்டி அதற்கு மாறுகிற ரீபில்ட் ஸ்விட்ச், பிறகு ரீபூட். கறுப்புத் திரை. மேல் மூலையில் லாகின் என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் மினுங்குகிற ஒரு கோடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பு இருந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஒரு டிரைவர் அப்டேட் இதே மாதிரித் திரையில் என்னைக் கொண்டுவந்து விட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டதுதான் நினைவுக்கு வந்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கீபோர்டைத் தொடவே இல்லை. “மறுபடி ஆன் பண்ணு. மெனு வரும்போது கீழே ஒண்ணு இறங்கு.”

பூட் மெனுவில் புது ஜெனரேஷன் (ஒவ்வொரு ரீபில்டிலும் சேமித்துவைக்கப்படும் சிஸ்டம்) மேலே, பழையது கீழே. பழையதில் நுழைந்தேன், டெஸ்க்டாப் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. “கோப்பைத் திறந்து பாரு” என்றாய்.

திறந்தால் அந்த இரண்டு வரியும் இல்லை. சிஸ்டம் பின்னால் போயிருந்தது, நான் எழுதியது போகவில்லை. அப்படியே இன்னொரு ரீபில்ட் போட்டிருந்தால் மறுபடி அதே கறுப்புத் திரைதான். “ரோல்பேக் மெஷினைக் காப்பாத்தும். நீ எழுதினதை அது காப்பாத்தாது, உன் ஃபைல்களையும் காப்பாத்தாது. டேட்டாபேஸ் ஒண்ணு ஓடுதுன்னா அதுக்குள்ள இருக்கறதையும் தொடாது.” கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட்டைத் தொடங்க, தூக்கக் கலக்கத்தோடு கிட் இனிட் போட வைத்தாய். முதல் கமிட்டுக்கு என்ன எழுத என்று கேட்டேன். “ஏன் மாத்தினேன்னு எழுது. என்ன மாத்தினேங்கறது கோப்பிலேயே இருக்கே.”

அதே கோப்பின் அடியில் ஸ்டேட்வெர்ஷன் என்று ஒரு வெளியீட்டு எண் இருந்தது. அடுத்த வெளியீட்டுக்குப் போகும்போது இதையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் கையில் ஒரு தட்டு. “தொடாதே. அது வயசு இல்ல, பிறந்த தேதி.” போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எந்தப் பதிப்பில் தொடங்கியது போன்ற விஷயங்களை அந்த வரியைப் பார்த்துத்தான் நிக்ஸ்ஓஎஸ் முடிவு செய்கிறது என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து தொட்டதில்லை. நீ சொல்லிக்கொடுத்ததிலேயே நல்லது அந்த ஒரு ராத்திரிதான்.

மற்ற நாட்கள் எப்படி இருந்தன என்றும் சொல்லட்டுமா? நான் கேட்டது, வைஃபை ஏன் வரவில்லை என்று. நீ அனுப்பியது, 2006-ல் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பிடிஎஃப். கோப்பு கண்முன்னால் இருக்கிறது, ஃபிளேக் மட்டும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கிட் ஆட் போட்டு கிட்டில் சேர்க்காத கோப்பு ஃபிளேக்கின் கண்ணுக்குத் தெரியாது என்று பின்னால் நின்றுகொண்டிருந்த உனக்குத் தெரியும். “எரரைப் படி” என்றாய். படித்தேன் அக்கா. அந்த எரரில் அது இல்லை.

எல்லாம் போகட்டும். ஏன் என்று எழுதச் சொன்னவள், இரண்டு மெஷினுக்கும் பொதுவான மாட்யூலில் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) 6.6-ல் பூட்டி எம்கே ஃபோர்ஸ் போட்ட அந்த ஒரு வரிக்கு என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? கமிட் செய்தி: “இப்ப ஓகே”. கோப்பில் ஒரு கமெண்ட்கூட இல்லை. கடைசியாக நீ தொட்ட வரி அதுதான்.

படிக்கிற மற்றவர்களுக்காக: ஒரே ஆப்ஷனுக்கு இரண்டு இடத்தில் வேறு வேறு மதிப்பு இருந்தால் நிக்ஸ் முன்னுரிமை எண்ணைப் பார்க்கும். எம்கே டிஃபால்ட் என்றால் 1000, சும்மா எழுதினால் 100, எம்கே ஃபோர்ஸ் என்றால் 50. எண் குறைந்தவர் பேச்சுதான் எடுபடும். நானும் என் ஹோஸ்டில் எம்கே ஃபோர்ஸ் போட்டுப் பார்த்தேன். 50-க்கு 50, எரர் காட்டி நின்றுவிட்டது. 49 என்று எழுதி ஜெயித்திருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. அந்த வரியையே அழித்திருக்கலாம். உன் மெஷின் எதற்காகவோ அதை நம்பி இருந்தால் என்ன செய்வது என்ற பயம். இப்படியே பழைய கெர்னலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கான்ஃபிக்கை யார் வேண்டுமானாலும் எடுத்து அதே சிஸ்டத்தை மறுபடி கட்டிவிடலாம். ஆனால் இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கு எழுதினவர்தான் வேண்டும். எழுதினவர் போனை எடுக்கவில்லை.

புது ரெப்போவில் அந்த வரி இல்லை. ரீபூட் பண்ணினேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஏதாவது உடைந்திருந்தால்கூட ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

கீ விஷயத்துக்கு வருகிறேன். கட்டியதெல்லாம் போய்ச் சேருகிற நிக்ஸ் ஸ்டோரில் இருப்பதை மெஷினில் உள்ள எவரும் படிக்கலாம், அதனால் பாஸ்வேர்டை எல்லாம் ஏஜ் என்ற கருவியை வைத்துப் பூட்டிக் கொடுத்ததே நீதான். உன் பெயரை எடுத்தது நம்பிக்கை இல்லாமல் அல்ல. ஆட்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்ளட்டும். யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு லேப்டாப்பில் என் பாஸ்வேர்டுகளைத் திறக்கும் கீ கிடக்கிறது. என் இடத்தில் நீ இருந்தால் முதல் வாரமே எடுத்திருப்பாய். நான் இவ்வளவு நாள் விட்டுவைத்தேன். இருந்தாலும் உன்னிடம் கேட்காமல் செய்தேன். அதற்கு மன்னித்துவிடு. கேட்பதற்கு நீ வழி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரீகீ, அதாவது புதுப் பட்டியலுக்குப் பூட்டை மாற்றிப் போடுவது, மட்டும் போதாது என்பது உனக்கே தெரியும். கிட் வரலாற்றில் இருக்கும் பழைய கோப்புகள் உன் கீயில் இன்னமும் திறக்கும். அதனால் உள்ளே இருந்த பாஸ்வேர்டு எல்லாவற்றையுமே மாற்றினேன். வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் அதில் ஒன்று. வரும்போது உன் ஃபோன் தானாகக் கனெக்ட் ஆகாது. என்னிடம் கேள், சொல்கிறேன். அம்மாவுக்குப் புதுசு தெரியாது.

பழைய ரெப்போவை அழிக்கவில்லை. உன் ஹோஸ்ட் கடைசியாக 25.05-ல் பில்ட் ஆனது, எந்தெந்தப் பதிப்பு என்று குறித்துவைத்த லாக் கோப்பு அப்படியே இருக்கிறது, அந்தக் கமிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் 25.05-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதனால் நெட்டில் விடுவதற்கு முன் ஏற்றிவிடு. உன் பூட் பார்ட்டிஷன் சின்னது என்று ஜெனரேஷன் வரம்பை 5 என்று வைத்திருந்தாய், அதைத் தொடவில்லை. ஸ்டேட்வெர்ஷனையும் தொடவில்லை. அந்தக் கெர்னல் வரியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. காரணம் ஞாபகம் இருந்தால் மேலே ஒரு கமெண்ட் போட்டு புஷ் பண்ணிவிடு. என்னிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

தம்பி