ஆறாம் காட்சியை வெட்டாதே

அன்புள்ள கயலுக்கு,

நீ லண்டனில் இயக்கப்போகும் எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்' நாடகத்தில் ஆறாம் காட்சியை நடிக்க உன் நடிகர்களே தயங்குகிறார்கள் என்றும், அதை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வெட்டாதே, அம்மா.

இதே கேள்வி 1965-இல் லண்டனின் ராயல் கோர்ட் நாடக அரங்கின் முன் வந்து நின்றது. எந்தப் புதிய நாடகமும் மேடையேறுவதற்கு முன் அதன் பிரதியை அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லைனிடம் கொடுத்து உரிமம் பெறவேண்டும் என்ற 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அன்றும் நடப்பில் இருந்தது. பூங்காவில் இளைஞர்கள் கைக்குழந்தையைக் கல்லெறிந்து கொல்லும் அந்தக் காட்சியை நீக்கும்படி அவரது அலுவலகம் சொன்னது, பாண்ட் இணங்கவில்லை. உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் மன்றங்களை அதிகாரிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால், இயக்குநர் வில்லியம் காஸ்கில் அரங்கையே மன்றமாக்கி நவம்பரில் நாடகத்தை நடத்தினார். இருந்தும் வழக்கு வந்தது. புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியரே அரங்கத்துக்காகச் சாட்சி சொல்லியும் 1966-இல் அரங்கத்தார் குற்றவாளிகள் என்றே தீர்ப்பாயிற்று. அந்தத் தணிக்கை அதிகாரத்தை நாடாளுமன்றம் 1968-இல்தான் ஒழித்தது.

அந்தக் காட்சியை நான் முதலில் வாசித்தபோது நீ எட்டு மாதக் குழந்தையாக என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். புத்தகத்தை மூடிவிட்டேன், மறுபடி எடுக்க இரண்டு நாளாயிற்று. குழந்தை நம் கண்ணில் படுவதே இல்லை, தள்ளுவண்டி மட்டும்தான் தெரிகிறது. தாய் ஆஸ்பிரின் கொடுத்திருப்பதால் அது அழுவதுமில்லை. வண்டியைத் தள்ளி விளையாடுவதில் தொடங்கி, கிள்ளி, அடித்து, கடைசியில் கல் எடுக்கிறார்கள். விளையாட்டு எந்த நொடியில் கொலையானது என்று நம்மால் சொல்ல முடியாதபடி பாண்ட் எழுதியிருப்பதே என்னை உலுக்கியது. ஆகவே அந்தப் படிகளில் ஒன்றைக்கூட அவசரமாகக் கடக்காதே. ரத்தம் எதுவும் வேண்டாம். பார்க்க வருபவர்களிடம் வாசலிலேயே விவரத்தைச் சொல்லிவிடு. மனம் ஒப்பாதவர்கள் திரும்பிப் போகட்டும்.

கடைசிக் காட்சியில் நாடகத்தின் நாயகன் லென் உடைந்த நாற்காலியைச் செப்பனிடுகிறானே, அந்தக் காட்சி முழுவதிலும் பேசப்படுவது சுத்தியலைக் கேட்கும் ஒரே வரிதான். ஆறாம் காட்சியைப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் தச்சுவேலையாகத்தான் தெரியும். அந்த நாற்காலியை ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே மேடையில் வைத்துக்கொள். அதைப் பழுதுபார்க்க உண்மையில் எவ்வளவு நேரமாகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா