ஆண்டறிக்கை: ட்ரோனை யாரும் கல்லெறிந்து விழுத்தவில்லை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். இந்த வருசம் எங்கள் கமக்காரர் அமைப்பின் நிர்வாகசபை எட்டுத் தரம் கூடியது. அதில் இரண்டு தரம் ஆள் காணாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம். வாய்க்கால் துப்புரவுக்கு இரண்டு சிரமதானம் வைத்தோம், முதலாவதற்கு வந்தவர்களை எண்ணக் கைவிரல் போதும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை ட்ரோனுக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆடி மாதத்திலிருந்து ஊரில் வேறு கதை இல்லை.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அனுப்பிய ட்ரோன் அது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்து, பொலிசுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினோம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டது நினைவிருக்கும், வன்னியில் இந்த விசயத்தில் விளையாட முடியாது. இரணைமடுக் குளத்தின் வலதுகரையில் எங்கள் கிளை வாய்க்காலின் கடைசி வயல்களுக்குச் சிறுபோகத் தண்ணீர் ஏன் போய்ச் சேரவில்லை என்று மேலிருந்து பார்ப்பதுதான் நோக்கம்.

போனது, படம் எடுத்தது, திரும்பி வரவில்லை. அன்று பின்னேரமே தீர்ப்பும் வந்துவிட்டது. மேல்வயல்காரர் கெட்டப்போலால், அதுதான் உண்டிவில்லால், அடித்து விழுத்திவிட்டார்கள் என்று கடைசி வயல்காரர் சொல்ல, பருந்து கொத்தியது என்று மேல்வயல்காரர் சொல்ல, நடுவில் நின்ற எனக்கு இரண்டு பக்கத்தாலும் ஏச்சு.

பறப்புப் பதிவு போனிலேயே இருந்தது. அதில் கடைசியாகக் காட்டிய இடத்துக்குப் போனோம், ஒரு வரம்பில் முட்டி, தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தது. கல்லோ பருந்தோ பட்டிருந்தால் அது சட்டென்று சரிந்து உருண்டிருக்க வேண்டும், பதிவிலும் அந்த உதறல் தெரிந்திருக்கும். அப்படி எதுவுமே இல்லை. ஜிபிஎஸ் கடைசிவரை நன்றாகப் பிடித்திருந்தது, சிக்னலும் அறவில்லை. வேகம் மட்டும்தான் இடித்தது. போகும்போது செக்கனுக்கு 13 மீற்றர், வரும்போது 3.

அது சோளகக் காலம், தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். வாய்க்கால் வடகிழக்காகப் போகிறது, காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. போகும்போது சும்மா மிதந்து போன சாமான், வரும்போது முகத்துக்கு நேரே வந்த காற்றைக் கிழித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. எவ்வளவு பற்றரி இருந்தால் திரும்பலாம் என்று அது போட்ட கணக்கில் இந்தக் காற்று சரியாகப் பிடிபடவில்லை.

இனி என் பிழை. ரிட்டர்ன் டு ஹோம் உயரம், அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வரும்போது பறக்கும் உயரம், முன்பு 30 மீற்றரில் இருந்தது. எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பனைகள், பனையும் 30 மீற்றர்வரை வளரும், எதற்கும் இருக்கட்டும் என்று 100க்கு ஏற்றிவிட்டேன். மரமும் நிலமும் காற்றைத் தடுப்பதால் கீழே அதன் வேகம் குறைவு, மேலே போகப் போகக் கூடும். பற்றரி குறைந்ததும் ட்ரோன் தானாக 100 மீற்றருக்கு ஏறி, காற்று மோசமாக இருக்கும் இடத்தில் நின்று கிட்டத்தட்ட ஐந்து நிமிசம் மல்லுக்கட்டியிருக்கிறது. நான் உடனே அதை நிறுத்தி, உயரத்தைக் குறைத்து, வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் முறைக்கு மாற்றிக் கையால் கொண்டுவந்திருக்கலாம். தானாக வரும்தானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பற்றரி முடியும் தறுவாயில் அது நின்ற இடத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டது.

பற்றரியும் சுத்தமில்லை. மூன்று மாதம் முழுச் சார்ஜோடு தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. லித்தியம் பற்றரியைப் பாதிச் சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். 24 வீதம் என்று காட்டியது ஒரேயடியாக 9க்கு விழுந்திருக்கிறது. இப்போது அது ஊதிப்போய், வெளியே மண் வாளிக்குள் கிடக்கிறது. யாரும் எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஆகவே மேல்வயல்காரரிடம் சபை சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன், கெட்டப்போல் விசயத்துக்கு மட்டும். மெமரி காட் காய்ந்து வேலை செய்கிறது. அதில் வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரை மறித்த இடங்கள் மூன்று நன்றாகத் தெரிகின்றன. ட்ரோனைப் பற்றிச் சண்டை பிடித்த கும்மாளத்தில் அந்தப் படத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. பெயர்கள் இங்கே எழுதவில்லை, வெட்டியவர்களுக்குத் தெரியும். காலபோகத் தண்ணீர்க் கூட்டத்துக்கு முன் வெட்டிய இடங்களை அடைத்துவிட்டால் படத்தைப் போடும் வேலை எனக்கு இல்லை. புதுப் பற்றரிக்கான செலவில் பாதி என்னுடையது, மற்றப் பாதியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார்.