கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போடுங்க

எங்க ஊர் ஸ்கூல் ஹெச்.எம்.களுக்கும் கரஸ்பாண்டன்ட்களுக்கும் டீச்சர்ஸுக்கும், அப்படியே ஸ்டேஷன்ல இருக்கிற எஸ்.ஐ. சார், ஏட்டய்யா எல்லாருக்கும் வணக்கம்.

நான் மளிகைக் கடையில பில் போடுறவ. பையன் எட்டாவது, 13 வயசு. போன டெர்ம்ல அவன் கிளாஸ்ல டூர் காசு 3,200 ரூபா டீச்சர் ஹேண்ட்பேக்ல இருந்து காணாம போச்சு. மதியம் சாப்பாட்டு பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி மூணு பசங்களை ஸ்டாஃப் ரூமுக்கு கூப்பிட்டாங்க, பையை கொட்டி பாத்தாங்க, பாக்கெட்டை வெளிய இழுத்து பாத்தாங்க, ஒண்ணும் கிடைக்கல, அப்புறம் ஆளுக்கொரு வெள்ளை பேப்பர் கொடுத்து எழுத சொன்னாங்க. மூணு மணிக்கு மேல ஒரு போலீஸ்காரர் யூனிஃபார்மோட வந்து சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்னு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போயிட்டார். எனக்கு விஷயம் தெரிஞ்சது அஞ்சே முக்காலுக்கு, அதுவும் கூட படிக்கிற பையனோட அம்மா சொல்லித்தான். நான் ஓடிப்போய் பாக்கிறேன், ரைட்டர் மேசை பக்கத்து பெஞ்சில பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அடிச்சாங்களாடான்னு கேட்டேன், இல்லம்மா, லத்தியை மேசை மேல வச்சுட்டு கேட்டாங்கன்னான். காலைல கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் டப்பாவை திறக்கவே இல்ல.

அந்த பேப்பரை மறுநாள் ஸ்கூல்ல எனக்கு காட்டினாங்க. "மேற்படி தொகையை நான் எடுத்தது உண்மை, இனி இதுபோன்ற செயல்களில் ஈடுபட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." என் புள்ளைக்கு இன்னும் ர, ற சரியா வராது சார், தமிழ் நோட்ல சிவப்பு மையா இருக்கும். அந்த பேப்பர்ல ஒரு தப்பு இல்ல. மேற்படின்னா என்னடான்னு வீட்ல கேட்டேன், மாடின்னான். யாரு சொல்லி எழுதினதுன்னு இதுக்கு மேல நான் சொல்லணுமா?

என் புள்ள உத்தமன்னு சொல்ல வரல. அவன் எடுத்தானா இல்லையான்னு சத்தியமா எனக்கு தெரியாது, எடுக்கலன்னுதான் சொல்றான், அந்த டீச்சரும் பாவம் கைக்காசு போட்டு கட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆனா அவன் எடுத்திருந்தாலும் நான் இதே லெட்டரைத்தான் எழுதியிருப்பேன்.

எங்க சித்தி பொண்ணு லா முடிச்சுட்டு ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கா. அவ ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து எனக்கு சொல்லிக் கொடுத்ததை என் பாஷைல சொல்றேன். போலீஸ் சாருங்களே, அவனை எதுக்கு கூட்டிட்டு போனீங்க? சாட்சியாவா? 15 வயசுக்கு கீழ உள்ள பையனை சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, நீங்கதான் வீட்டுக்கு வரணும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில 160வது பிரிவு, அதுக்கு பதிலா 2024 ஜூலைல இருந்து வந்த பிஎன்எஸ்எஸ்ல 179. பொண்ணுங்கன்னா எந்த வயசா இருந்தாலும் அதே கதைதான். சரி, சாட்சி இல்ல, அவன்தான் எடுத்தான்னு சந்தேகம்னா இளைஞர் நீதிச் சட்டம் 2015 வந்துடுது. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவர்தான் பேசணும், முடிஞ்ச வரைக்கும் யூனிஃபார்ம் இல்லாம. பிடிச்சா உடனே பெத்தவங்களுக்கு சொல்லணும், விசாரிக்கும்போது நாங்க கூட இருக்கலாம், லாக்கப் கூடாது, விலங்கு கூடாது, குற்றத்தை ஒத்துக்கோன்னு கட்டாயப்படுத்தக் கூடாது, எந்த பேப்பர்லயும் அவன்கிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது. அந்த சட்டத்துக்கு 2016ல போட்ட மாடல் ரூல்ஸ்ல இது அப்படியே இருக்கு. இந்த மாதிரி சின்ன திருட்டுக்கு சிறுவன் மேல எஃப்ஐஆரே கிடையாது, ஸ்டேஷன் பொது டைரில (ஜிடி) எழுதிட்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பணும், அவ்ளோதான். ஆக சாட்சின்னாலும் சரி, சந்தேகம்னாலும் சரி, அந்த பெஞ்சில அவன் தனியா உக்காந்திருக்க ஒரு வழியும் இல்லையே. பெரியவங்களே 5,000க்கு கீழ முதல் தடவை திருடி, திருப்பியும் கொடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனைன்னு புது தண்டனைச் சட்டம் சொல்லுதாம். இவனுக்கு லத்தி தரிசனம்.

வாயை மூடிக்கிட்டு இருக்கிறது திமிர்னு நினைக்காதீங்க. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு அரசியல் சாசனம் 20(3)ல இருக்கு. ஒடிசா முதலமைச்சரா இருந்த நந்தினி சத்பதி அம்மா போலீஸ் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க, 1978ல சுப்ரீம் கோர்ட் அந்த கேஸ்ல ஸ்டேஷன் விசாரணைலயும் இந்த உரிமை உண்டு, வக்கீலும் கூட இருக்கலாம்னுச்சு. முதலமைச்சரா இருந்தவங்களுக்கே அது தேவைப்பட்டிருக்கு.

இப்ப ஸ்கூல்காரங்களுக்கு. "உண்மையை ஒத்துக்கோ, விட்டுடறேன், இல்லன்னா டிசிதான்"னு சொல்லித்தான் பேனாவை கையில கொடுத்திருக்கீங்க. அதிகாரத்துல இருக்கிறவங்க மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கின வாக்குமூலம் கோர்ட்ல நிக்காதுன்னு 1872 சாட்சிய சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க, புது சாட்சிய சட்டத்துலயும் அது 22வது பிரிவா இருக்கு. அப்ப அந்த பேப்பர் எதுக்கு? பையனை ஆயுசுக்கும் பயமுறுத்தவா? டிசி மேட்டரும் அப்படித்தான், எட்டாவது முடியற வரைக்கும் புள்ளையை ஸ்கூலை விட்டு அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) 16வது பிரிவு. மனசை நோகடிக்கிற தண்டனையும் கூடாது, 17. (மைனாரிட்டி ஸ்கூலுக்கு ஆர்டிஇ பொருந்தாதுன்னு 2014ல தீர்ப்பு வந்தது எனக்கும் தெரியும், இந்த ஸ்கூல் அந்த கணக்குல வராது.) அப்புறம் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல மூணு பேரு பேரையும் போட்டு "விசாரணை நடக்கிறது"ன்னு மெசேஜ் போட்டீங்க பாருங்க, அதான் எனக்கு இன்னும் ஆறல. கேஸ்ல மாட்டின சிறுவனோட அடையாளத்தை வெளிய விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும்னு அதே 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74ல இருக்கு. மெசேஜை டெலீட் பண்ணிட்டீங்க, சரி, ஆனா தெருவுல கூட விளையாடுற பசங்க வாயை எப்படி டெலீட் பண்றது.

கேள்வியே கேக்காதீங்கன்னு சொல்லல. கிளாஸ்ல காசு போனா கேக்கத்தான் வேணும், நானா இருந்தாலும் கேப்பேன். முதல்ல எங்களை கூப்பிடுங்க, வந்து உக்காந்த பிறகு கேளுங்க, எழுத வைக்காதீங்க. ஸ்டேஷன் வரைக்கும் போற விஷயம்னா குழந்தைங்க உதவி எண் 1098க்கோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ நானே சொல்லிக்கிறேன், அங்க வக்கீலுக்கு காசு கொடுக்க வேண்டாம்.

பையன்கிட்ட ஒரு வரி மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன், "அம்மா வரட்டும் சார், அப்புறம் சொல்றேன்". அவன் அப்படி சொன்னா எதிர்த்து பேசறான்னு டைரில எழுதாதீங்க. என் நம்பர் அந்த டைரியோட முதல் பக்கத்துலயே இருக்கு. கவுன்டர்ல கூட்டமா இருந்தா நான் எடுக்க லேட்டாகும், அதுக்கு கீழ கடை நம்பரும் எழுதிருக்கேன், முதலாளிகிட்ட சொல்லி வச்சாச்சு, ஸ்கூல்ல இருந்து போன்னா பில்லை பாதியில விட்டுட்டு போக சொல்லிட்டார். பத்து நிமிஷத்துல வந்துடுவேன்.