மனநல மருத்துவர்களுக்கு: வயது ஏறியும் மாத்திரை அளவு ஏன் அப்படியே இருக்கிறது?

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவுக்காக 30 வயதில் தொடங்கிய மாத்திரையை 65 வயதிலும் அதே அளவில் சாப்பிடுகிறவர்கள் உண்டு. "நல்லாத்தானே இருக்கார், அப்படியே தொடரட்டும்" என்று சீட்டு மறுபடி எழுதப்படுகிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரில் ஒருவராக இதை எழுதுகிறேன்.

இந்த மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகளின்படி, சுமார் 65 சதவீத ஏற்பிகள் அடைபட்டால் பலன் தெரியத் தொடங்கும். 80ஐ நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் வரும். இது பெரும்பாலும் இளையவர்களிடம் கண்ட கணக்கு. அந்த ஏற்பிகளோ வயதாக ஆகக் குறைகின்றன, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம். டோபமைனைச் சுரக்கும் செல்களும் குறைகின்றன. கையிருப்பே சுருங்கிப்போனவரிடம் பழைய வரியையே வசூலித்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? முதியவர்களில் 60 சதவீதம் அடைபட்டதுமே விறைப்பு தெரிவதுண்டு. போதாததற்கு, சிறுநீரகமும் கல்லீரலும் மந்தமாவதால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. நடை தளர்ந்தால், முகம் இறுகினால், வீட்டில் வயதின் மேல் பழி போடுவார்கள். நடுக்கத்தைக் குறைக்க டிரைஹெக்சிஃபெனிடில் என்ற இன்னொரு மாத்திரை சேரும். அது ஞாபகத்தைக் குழப்பும், மலச்சிக்கலைத் தரும். அந்தக் குழப்பத்துக்கும் ஒரு மாத்திரை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது! வாயும் நாக்கும் தானாக அசையும் டார்டிவ் டிஸ்கினீசியா, பழைய வகை மருந்துகளில் இளையவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பேருக்கு வரும். முதியவர்களிலோ முதல் ஆண்டிலேயே கால்வாசிப் பேருக்கு. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

60 தாண்டியவரின் சீட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிதாக எழுதுவதுபோல் பாருங்கள். விறைப்பு இருக்கிறதா என்று முழங்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள், நாலடி நடக்கச் சொல்லுங்கள். குறைக்க முடியும் என்றால் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறையுங்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. குறைக்கும் காலத்தில் தூக்கம் கெட்டால், சந்தேகம் தலைகாட்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்பவர் ஒருவர்